ஒரு பொருளுக்கு ஒரு பெயர்

தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பொருள் இருக்கிறது. நாள் முழுவதும் வேலை செய்து, தோட்டம் கேட்கிற அளவு கொழுந்தையும் நிறுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். அளவு குறைந்தால் அரைப்பேர். மாதம் முடியும்போது எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று எண்ணித்தான் சம்பளம். காலையில் எல்லாரும் கூடுவது பெரட்டு. வேலைக்கு வந்தவர்களைப் பதிவது செக்ரோல். செடியை வெட்டிவிடுவது கவ்வாத்து. வேலையைக் குத்தகையாகப் பேசி எடுத்துச் செய்வது கொந்தரப்பு.

இந்தச் சொற்களில் சில நல்ல தமிழ். சில ஆங்கிலத்திலிருந்து வந்து தோட்டத்து நாவில் உருமாறியவை. படித்தவர்கள் சிலர் இவற்றைக் கொச்சை என்று ஒதுக்குவதுண்டு. எனக்கு இவற்றின் மேல் பெரிய மரியாதை. தொரை சொன்னாலும், கணக்கப்பிள்ளை சொன்னாலும், கங்காணி சொன்னாலும், கொழுந்து எடுக்கும் அம்மா சொன்னாலும் பேர் என்றால் அதே பேர்தான். பெரட்டில் ஒரு சொல்லும் சம்பளத்தன்று வேறொரு சொல்லுமாகக் கணக்கு எழுதினால் யாருடைய வயிற்றில் அடி விழும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

கணினியைப் பற்றி எழுத வந்த நான் தேயிலையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கணினிப் பாடத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் தோட்டத்துக் கணக்கிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் வைத்தால் கடைசிப் பக்கம் வரை அதே பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அது.

இந்தக் கல்லூரியில் உயர்தரம் வரை படித்து வெளியேறியவள் நான். இப்போது ஹட்டன் நகரில் சனிக்கிழமைகளில் க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். டிக்கோயா, நோர்வூட், கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். பதினாறு பேருக்கு ஏழு கணினிகள். அவற்றில் காசு கொடுக்காமல் பயன்படுத்தக்கூடிய லிப்ரே ஒபிஸ் மென்பொருளை நிறுவியிருக்கிறோம். பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் கணினி கிடையாது. வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணித்தியாலம், அதுவும் பக்கத்துப் பிள்ளையோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு திரை. மற்ற ஆறு நாளும் அவர்களுக்கு ஆசிரியர் கையிலிருக்கும் தாள்தான்.

ஆரம்பத்தில் வெளியே ஓரிடத்திலிருந்து கிடைத்த செயலட்டைத் தொகுதியொன்றை வகுப்பில் பயன்படுத்தினோம். அச்சு அழகாக இருந்தது, படங்களும் இருந்தன. முதலாவது செயலட்டை, உங்கள் பெயரில் ஒரு 'கோப்புறை' உருவாக்கி அதனுள் வேலையைச் சேமிக்கச் சொன்னது. மூன்றாவது செயலட்டை, உங்கள் 'அடைவை'த் திறக்கச் சொன்னது. ஐந்தாவதில் அதுவே 'உறை' ஆகிவிட்டது. மூன்றும் ஆங்கிலத்தில் 'போல்டர்' என்று சொல்லும் ஒன்றைத்தான் குறித்தன. எழுதியவருக்கு அது தெரியும். வாசிக்கிற பிள்ளைக்கு யார் சொல்வது?

தரம் 10இல் படிக்கும் ஒரு பிள்ளை, லயத்திலிருந்து வருகிறவள், மூன்றாவது செயலட்டையில் நின்றுவிட்டாள். திரையில் அடைவைத் தேடினாள், கிடைக்கவில்லை. இல்லாததை உருவாக்க வேண்டுமாக்கும் என்று நினைத்து, புதிதாக ஒன்றை உருவாக்கி அதற்கு 'அடைவு' என்றே பெயர் வைத்தாள். அதற்குள் எதுவும் இல்லை. போன வாரம் செய்த வேலையெல்லாம் அழிந்துவிட்டது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் முதலிலிருந்து தொடங்கினாள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது பாதி நேரம் முடிந்திருந்தது.

"அடைவுன்னா நகை வைக்கிறதுதானே டீச்சர்? டவுன்ல போர்ட்ல போட்டிருக்காங்களே" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த பிள்ளை, "இல்லடி, ரிப்போட்ல அடைவு மட்டம்னு போடுவாங்களே, அது" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் சரி. நம் நாட்டில் நகையை ஈடு வைப்பதும் அடைவு, மாணவர் எட்டிய மட்டமும் அடைவு. மூன்றாவதாகக் கணினிக்குள்ளும் ஓர் அடைவு இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் எப்படி ஊகிப்பார்கள்?

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் அடுத்துச் சொன்னதுதான் என்னைச் சிரிக்க விடவில்லை. "எனக்கு இது மண்டையில ஏறாது டீச்சர். நான் மனைப்பொருளியலுக்கு மாறிக்கிறேன்."

தாளில் பிழை இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அச்சில் வந்தது சரியாகத்தான் இருக்கும், விளங்காதது தன் குற்றம் என்று முடிவு செய்துவிட்டாள். மனைப்பொருளியல் நல்ல பாடம்தான். விருப்பத்தோடு அதை எடுத்தால் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் ஒரு பொருளுக்கு மூன்று பெயர் வைத்த குழப்பத்தால் ஒரு பிள்ளை தன் பாதையை மாற்றிக்கொள்வதை ஏற்க என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்புக்கான கைநூலை நானே எழுதத் தொடங்கினேன்.

எழுத உட்கார்ந்த பிறகு, இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று யோசித்தேன். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. நமக்குப் பாடசாலையில் கிடைத்த பயிற்சியே ஒரு காரணம். கட்டுரையில் ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் தமிழ் ஆசிரியர் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார். நிலவு, மதி, திங்கள், அம்புலி என்று மாற்றி மாற்றி எழுதினால் புள்ளி கூடும். தமிழில் நிகண்டுகள் எழுந்ததே இந்தச் சொல்வளத்தைத் தொகுக்கத்தான். கவிதைக்கும் கதைக்கும் அது செல்வம்.

செய்முறை சொல்லித் தரும் எழுத்து வேறு இனம். அதை வாசிப்பவர் இரசிக்க வாசிப்பதில்லை, ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்கிறார். நிலவைத் தெரிந்தவருக்கு 'மதி' என்று எழுதினால் அதே நிலவு நினைவுக்கு வரும். கோப்புறையை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு 'அடைவு' என்றால் அது வேறொரு பொருள். புதுச் சொல் வந்தால் புதுப் பொருள் வந்திருக்கிறது என்றுதான் படிக்கிற மனம் எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொள்வது அறிவுள்ள மனத்தின் இயல்பு.

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று. அதை நாம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே பட்டியலில் 'மயங்க வைத்தல்' என்றொரு குற்றமும் இருக்கிறது. அதை மறந்துவிடுகிறோம். தேவையில்லாமல் ஒரே கருத்தைத் திருப்பிச் சொல்வதுதான் கூறியது கூறல். ஒரே பொருளை ஒரே பெயரால் அழைப்பது அதில் சேராது.

இலக்கணத்தில் ஒரு பொருள் குறித்த பல சொல், பல பொருள் குறித்த ஒரு சொல் என்று இரண்டு வகை படிக்கிறோம். கணினித் தமிழில் இரண்டும் நோயாக வருகின்றன.

முதலாவதுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். கணினி என்கிறோம், கணனி என்கிறோம், கணணி என்றும் எழுதுகிறோம். இலங்கையில் தரவிறக்கம் என்பது இந்தியாவில் பதிவிறக்கம். நாம் தெரிவு செய் என்றால் அவர்கள் தேர்ந்தெடு என்பார்கள். சாவிப்பலகையும் விசைப்பலகையும் ஒன்றேதான். 'ஒபரேட்டிங் சிஸ்டம்' என்பது நம் பாடநூலில் பணிசெயல் முறைமை. தமிழ்நாட்டுப் பாடநூலில் இயக்க அமைப்பு. வேறு இடங்களில் இயக்க முறைமை, இயங்குதளம். இவற்றில் எதுவும் பிழையான சொல் அல்ல. ஒரே கைநூலுக்குள் நாலும் வந்தால்தான் பிழை.

இரண்டாவது நோய் இன்னும் ஆபத்தானது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. 'நிரல்' என்ற சொல்லைப் பாருங்கள். நம் பிள்ளைகள் கணிதத்திலும் விரிதாளிலும் இடமிருந்து வலமாகப் போவதை நிரை என்றும், மேலிருந்து கீழாகப் போவதை நிரல் என்றும் படிக்கிறார்கள். கணினிக்கு நாம் எழுதும் கட்டளைத் தொகுதிக்கு நம் நாட்டில் செய்நிரல் என்று பெயர். தமிழ்நாட்டிலோ அதற்கு நிரல் என்றே பெயர். எங்கள் பிள்ளையொருத்தி தொலைபேசியில் இந்தியத் தமிழ் விளக்கக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "நிரலை இயக்குங்கள்னு சொல்றாங்க. நெடுக இருக்கிற கட்டத்தையெல்லாம் எப்படி டீச்சர் இயக்குறது?" என்று கேட்டாள். அவள் கேள்வியில் அறிவு குறைவு எதுவும் இல்லை. அவள் கற்ற சொல்லை அவள் கற்ற பொருளில் புரிந்துகொண்டாள்.

'அமைப்பு' என்ற சொல் இன்னொன்று. தமிழில் மாற்றிய தொலைபேசியில் 'செட்டிங்ஸ்' என்பது அமைப்புகள். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒபரேட்டிங் சிஸ்டமும் அமைப்பு. பக்கத்தை ஒழுங்குபடுத்துவதும் பக்க அமைப்பு. ஒரு பந்தியில் மூன்றும் வந்தால் எந்த அமைப்பை மாற்றச் சொல்கிறார்கள் என்று தெரியாது. 'சுட்டி'யும் அப்படியே. மேசையில் இருக்கும் மவுஸும் சுட்டி, திரையில் நகரும் அம்பும் சுட்டி, இன்னொரு பக்கத்துக்குக் கூட்டிப்போகும் இணைப்பும் சிலருக்குச் சுட்டி. "சுட்டியைச் சுட்டியின் மேல் வைத்துச் சுட்டுக" என்று எழுதினால் இலக்கணம் சரி. வேலை நடக்காது.

இடத்துக்கு இடம் சொல் மாறுவது புதுமையும் அல்ல. மலையகத்தில் தவறணை என்றால் தேயிலை நாற்று வளர்க்கும் இடம். யாழ்ப்பாணத்தில் அதே சொல் கள் விற்கும் இடத்தைக் குறிக்கும். "பிள்ளைகளைத் தவறணைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம்" என்று ஓர் ஆசிரியர் எழுதினால், வாசிப்பவர் எந்த ஊர் என்பதைப் பொறுத்துப் பாராட்டோ கடிதமோ வரும்!

சொற்களைத் தெரிவு செய்வதும் காப்பதும் நம் நாட்டுக்கு அந்நியமான வேலையல்ல. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். 1864 முதல் தம் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு நிற்காமல் கலைச்சொற் தொகுதிகளையும் வெளியிட்டார். ஓர் எலும்புக்குப் பத்தாம் பக்கத்தில் ஒரு பெயரும் ஐம்பதாம் பக்கத்தில் வேறு பெயரும் இருந்தால், அந்த நூலைப் படித்துவிட்டுக் கத்தியைப் பிடிப்பவரின் கை எங்கே போகும் என்று நினைத்தாலே சொற்பட்டியலின் அருமை விளங்கும்.

பின்னர், சுதந்திரம் கிடைத்து தாய்மொழி மூலக் கல்வி விரிந்த காலத்தில், அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்றைக்கு ஹட்டனில் படிக்கும் பிள்ளையும், காத்தான்குடியில் படிக்கும் பிள்ளையும், யாழ்ப்பாணத்தில் படிக்கும் பிள்ளையும் விஞ்ஞான வினாத்தாளில் ஒட்சிசன், ஐதரசன் என்றே எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்பார்கள். எது அழகு என்று விவாதிக்கலாம். நம் பிள்ளைகளுக்கு உதவியது, பாடநூலிலும் வகுப்பிலும் வினாத்தாளிலும் அந்தச் சொல் மாறாமல் இருந்ததுதான்.

தமிழ்நாட்டில் மணவை முஸ்தபா அவர்கள் (1935–2017) தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கலைச்சொல் ஆக்கத்துக்கே கொடுத்தார். யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்புக்கு நீண்ட காலம் ஆசிரியராக இருந்தவர். மாதந்தோறும் உலகத்து அறிவியலைத் தமிழில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில், சொற்களைச் சேர்த்துச் சேர்த்து மருத்துவத்துக்கும் கணினிக்கும் தனித்தனியாகக் கலைச்சொல் களஞ்சியங்களைத் தொகுத்தார். தங்கைகளே, கலைச்சொல் என்றால் யாரோ ஒரு குழு எங்கோ கூடிச் செய்வது என்று நினைக்க வேண்டாம். பொறுமையுள்ள ஒரு மனிதர் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

ஆங்கிலத்துக்கும் இந்தக் கவலை உண்டு. விமானங்களைப் பழுதுபார்க்கும் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழியல்ல. கைநூலை அவர்கள் பிழையாகப் புரிந்துகொண்டால் உயிர்கள் போகும். ஆகவே ஐரோப்பிய விமானத் துறையினர் 1986இல் எளிமையாக்கிய ஆங்கிலத்துக்கு ஒரு விதிநூல் வெளியிட்டார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது அதன் அடிப்படை. 'குளோஸ்' என்ற சொல்லுக்கு மூடு என்றும் அருகில் என்றும் ஆங்கிலத்தில் பொருள் உண்டு. அந்த விதிப்படி மூடு என்ற பொருளில் மட்டுமே அதை எழுதலாம், அருகில் என்பதற்கு வேறு சொல். அத்தனை வளம் படைத்த மொழியே வேலைத்தளத்துக்கு வரும்போது தன்னைச் சுருக்கிக்கொள்கிறது.

எங்கள் கைநூலுக்கு நான் செய்ததும் ஒரு பட்டியல்தான். பெரிய தொழினுட்பம் ஒன்றும் இல்லை, விரிதாளில் நாலு நிரல். முதலாவதில் பொருள் என்ன என்ற விளக்கம். இரண்டாவதில் நாம் எழுதும் சொல். மூன்றாவதில் நாம் எழுதக் கூடாத சொற்கள். நாலாவதில் திரையில் அது எப்படித் தெரியும் என்பது. கோப்புறைக்கு எதிரே எழுதக் கூடாதவை என்று அடைவு, உறை, போல்டர் மூன்றையும் எழுதினேன். மூன்றாவது நிரல்தான் மிகவும் பயன்பட்டது. எதை எழுத வேண்டும் என்பது நினைவில் நிற்கும். எதைத் தவிர்க்க வேண்டும் என்பது எழுதும் வேகத்தில் மறந்துபோகும்.

எந்தச் சொல்லைத் தெரிவு செய்வது என்பதில் பிடிவாதம் எதுவும் வைக்கவில்லை. பாடநூலில் இருக்கும் சொல்லுக்கு முதலிடம், ஏனென்றால் வினாத்தாளும் அதே சொல்லில்தான் வரும். எங்கள் கணினிகளின் திரையில் ஆங்கிலம்தான் தெரிகிறது. ஆகவே ஒரு சொல் முதன்முதலாக வரும் இடத்தில் மட்டும் திரையில் இருக்கும் எழுத்தை அப்படியே அருகில் காட்டினேன். பிறகு தமிழ்ச்சொல் மட்டுமே. பாடநூலில் இல்லாத சொல்லென்றால் பிள்ளைகள் வாயில் எது வருகிறது என்று கவனித்தேன்.

பெயர்ச்சொற்களை விட வினைச்சொற்கள் எனக்கு அதிக வேலை கொடுத்தன. சொடுக்கு, கிளிக் செய், அழுத்து, தட்டு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். மவுஸுக்குச் சொடுக்கு, சாவிப்பலகைக்கு அழுத்து, தொலைபேசித் திரைக்குத் தட்டு என்று பிரித்துவிட்டேன். இப்போது வினையைப் பார்த்தவுடனே கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். அழி, நீக்கு இரண்டும் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவை. விரிதாளில் ஒரு நிரையைத் தெரிவு செய்து 'டிலீட்' சாவியை அழுத்தினால் உள்ளே எழுதியவை மட்டும் போகும், வெற்றுக் கட்டங்கள் அங்கேயே இருக்கும். நிரையையே எடுத்துவிடும் கட்டளையைக் கொடுத்தால் கீழிருக்கும் நிரைகள் மேலே ஏறிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதினால் ஒரு பிள்ளையின் கணக்கு முழுவதும் இடம் மாறிப் போகலாம். உள்ளடக்கத்தை 'அழி', நிரையை 'நீக்கு' என்று வைத்தோம்.

எழுதி முடித்த பின் சரிபார்க்கும்போது தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது. கணினியில் 'அடைவு' என்று தேடினால் 'அடைவை', 'அடைவில்' என்று வேற்றுமை உருபு ஏறிய வடிவங்கள் அகப்படாது. கடைசி எழுத்து வு என்பதிலிருந்து வை, வி என்று மாறிவிடுகிறதல்லவா? ஆகவே 'அடைவ' என்று தேட வேண்டும். அப்படித் தேடினால் 'வெற்றி அடைவது' என்பதும் வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையால் மாற்றிவிடவும் முடியாது. 'அடைவை' என்பது 'கோப்புறையை' ஆக வேண்டும், நடுவில் யகர உடம்படுமெய் வரும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. வகுப்பில் தூக்கம் வந்த புணர்ச்சி விதிகள் இந்த வேலைக்கு இவ்வளவு உதவும் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் நானா இந்த வேலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பைல், போல்டர், மவுஸ் என்று இங்கிலிஷ் சொல்லையே தமிழில் எழுதிட்டுப் போயேன்" என்றார். அது கெட்ட யோசனையல்ல. பெரட்டும் செக்ரோலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவைதாம். நம் வீடுகளில் தொழுகை, நோன்பு என்ற தமிழ்ச்சொற்களும் ஸக்காத், ஹஜ் என்ற அரபுச் சொற்களும் ஒன்றாகப் புழங்குகின்றன. எந்தப் பிள்ளையும் குழம்பியதில்லை, ஏனென்றால் உம்மா சொல்வதும் மத்ரஸாவில் சொல்வதும் ஒரே சொல். ஆகவே சொல் எந்த மொழியில் பிறந்தது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பரீட்சைத் தாளில் கோப்புறை என்று வரும் நாட்டில் கைநூலில் போல்டர் என்று எழுதினால் பிள்ளை இரண்டு தடவை கற்க வேண்டும் என்பதால்தான் நான் கோப்புறையை வைத்தேன். நானாவிடம் அதைச் சொன்னபோது, "அப்ப சரி, ஆனா நடுவுல மாத்திராதே" என்றார். நான் பத்து விதிகளாக எழுதி வைத்திருந்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

புதுக் கைநூலோடு வகுப்பு நடக்கத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. எல்லாப் பிள்ளைகளும் மேதைகளாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சூத்திரம் பிழைக்கிறது, மின்சாரம் போகிறது, மழைக்கு பஸ் வராத சனிக்கிழமைகளும் உண்டு. ஆனால் கேள்விகள் மாறியிருக்கின்றன. முன்பு "இந்தச் சொல்லுன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டார்கள். இப்போது "இந்தக் கூட்டுத்தொகை ஏன் பிழையா வருது?" என்று கேட்கிறார்கள். பாடத்தைப் பற்றிய கேள்வி வந்துவிட்டால் பிறகு சொல்லிக் கொடுப்பது சுகம். சில பிள்ளைகள் தங்கள் கொப்பியின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக்கொண்டு, வேறு வகுப்பில் வேறு சொல் வந்தால் எதிரே குறித்துக்கொள்கிறார்கள். மனைப்பொருளியலுக்கு மாறுவதாகச் சொன்ன பிள்ளையும் மாறவில்லை. அவள் அம்மாவின் மாதப் பேர்களையும் கொழுந்துக் கிலோக்களையும் விரிதாளில் போட்டு, தோட்டத்தில் கொடுக்கும் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள்.

இந்த இதழை வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் ஒரு பாடம் விளங்கவில்லை என்று சொன்னால், அவள் கவனம் போதாது என்று தீர்மானிக்குமுன் அவள் கையிலிருக்கும் குறிப்பை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். நீங்கள் அந்தப் பாடம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, கடைக் கணக்கு வைக்கும் வாப்பாவுக்கும் சமையலறையில் டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டும் உம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். பிழை தாளில் இருப்பதை நீங்கள் சுட்டிக்காட்டினால் பிள்ளையின் முகம் தெளிவதைப் பார்ப்பீர்கள்.

தங்கைகளே, நீங்களும் நாளைக்கு எழுதப் போகிறீர்கள். தாதியாகி மருந்து எப்படிக் குடிப்பது என்று எழுதுவீர்கள். ஆசிரியையாகிக் குறிப்புக் கொடுப்பீர்கள். வங்கியில் விண்ணப்பப் படிவத்தைத் தமிழாக்குவீர்கள். மென்பொருளுக்கு விளக்கம் எழுதுவீர்கள். அதை வாசிப்பவர் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாத தூரத்தில், ஒரு மலையின் மறுபக்கத்தில் இருப்பார். முதலாவது பக்கத்தை எழுதுமுன் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, அடிக்கடி வரப்போகும் பத்துப் பொருள்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயரை எழுதுங்கள். எந்தப் பெயர் என்று உங்கள் வகுப்புத் தோழியோடு நன்றாகச் சண்டை பிடித்தே முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பின் அந்தத் தாளை மேசையில் ஒட்டிவைத்து எழுதத் தொடங்குங்கள்.